சிக்கலான மலக்குடல் இறக்கம்: எந்த அறுவை சிகிச்சை, யாருக்கு, ஏன்?

பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடல் சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பின் வளைவை ஒட்டி இடுப்புக்குழிக்குள் இறங்கி, ஆசனவாயில் முடிகிறது. இந்தக் குடலின் சுவர் முழுத் தடிமனோடு ஆசனவாய் வழியாக வெளியே தள்ளிக்கொண்டு வருவதையே மலக்குடல் இறக்கம் என்கிறோம். தொடக்கத்தில் முக்கி மலம் கழிக்கும்போது மட்டும் வெளியே வந்து, எழுந்ததும் தானாக உள்ளே போய்விடும். பிறகு கையால் தள்ளினால்தான் உள்ளே போகும் என்றாகும். நாள்பட நாள்பட, இருமினாலும், குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலும், கடைத்தெரு வரை நடந்தாலும் வெளியே வந்துவிடும். இது உடனடியாக உயிரைப் பறிக்கும் நோய் அல்ல என்றாலும், பேருந்தில் ஏறவும் கல்யாண வீட்டுக்குப் போகவும் கூசி, ஒருவரை வீட்டுக்குள்ளேயே முடங்க வைத்துவிடும். வெட்கத்தின் காரணமாகப் பல ஆண்டுகள் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் பலர். நோய் முற்றிச் சிக்கலான நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்களில் இவர்களே கணிசமானோர்.

அந்தச் சிக்கலான நிலைகளையும் அவற்றுக்கான அறுவை சிகிச்சையையும் பற்றியதே இந்தக் கட்டுரை. வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொள்வது, சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு அது அழுகத் தொடங்குவது, குடலின் மேற்பரப்பு புண்ணாகி ரத்தம் கசிவது, மலத்தை அடக்கும் திறன் போய்விடுவது, கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ சேர்ந்து இறங்குவது, ஒருமுறை அறுவை சிகிச்சை செய்த பிறகும் மீண்டும் இறங்குவது ஆகிய எல்லாமே சிக்கல்களில் அடங்கும். மலக்குடல் இறக்கத்துக்கென்று இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் மருத்துவ நூல்களிலும் இதழ்களிலும் விவரிக்கப்பட்டுள்ளன. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே முறை இருந்திருந்தால் இத்தனை முறைகள் தோன்றியிருக்காது. ஆகவே, "எது சிறந்த ஆபரேஷன்?" என்று கேட்பதைவிட, "எனக்கு இருக்கும் சிக்கலுக்கு எது ஏற்றது, ஏன்?" என்று கேட்பதே நோயாளிக்கு அதிகம் பயன்தரும்.

மூலம் என்று எண்ணிவிடும் ஆபத்து

ஆசனவாயில் எது வெளியே வந்தாலும் அதை மூலம் என்று முடிவுகட்டிவிடுவது நம் ஊரில் வழக்கம். "மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தப்படும்" என்ற பலகையைப் பார்க்காமல் எந்த ஊரின் பேருந்து நிலையத்தையும் கடந்துவிட முடியாது. மலக்குடல் இறக்கத்துக்கு மூலத்துக்கான வைத்தியம் செய்தால், காலம் வீணாவதோடு குடலிலும் ஆசனவாயிலும் புண்ணும் தழும்பும் ஏற்பட்டு, பின்னர் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை கடினமாகிவிடும்.

இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கு எளிது. வெளியே வந்திருப்பது குடலின் முழுச் சுவராக இருந்தால், அதன் மேல் மடிப்புகள் வளையம் வளையமாக, ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்திருக்கும். நுனியின் நடுவில் குடலின் துவாரம் தெரியும். மூலமாக இருந்தால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் பிளவுகள் அதை இரண்டு மூன்று உருண்டைகளாகப் பிரித்துக் காட்டும். விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தால், மலக்குடல் இறக்கத்தில் இரட்டைச் சுவரின் தடிமன் தெரியும். பரிசோதனை மேசையில் படுத்திருக்கும்போது குடல் வெளியே வராமலேயே போகலாம். அதனால் கழிப்பறையில் உட்கார்ந்து முக்கச் சொல்லிப் பார்ப்பது இந்த நோயைக் கண்டறிவதில் இன்றியமையாத ஒரு படி. வீட்டில் வெளியே வரும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டலாம்; இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, பல மருத்துவர்கள் தாங்களே இதைக் கேட்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சட்டையின் கையைக் கழற்றும்போது அது உட்புறம் வெளியாகத் திரும்பிக்கொண்டு வருவதைப் போல, குடலின் மேல்பகுதி கீழ்ப்பகுதிக்குள் புகுந்து, மெல்ல இறங்கி, கடைசியில் ஆசனவாய் வழியாக வெளிவருகிறது. நெடுங்காலம் இதை ஒருவகைக் குடலிறக்கம் (ஹெர்னியா) என்றே மருத்துவர்கள் கருதினார்கள். வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வான வயிற்றுறை மலக்குடலுக்கு முன்னால் அமைக்கும் பள்ளம் ஆழமாகி, அது மலக்குடலின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே வருகிறது என்று 1912இல் அறுவை மருத்துவர் மாஷ்கோவிட்ஸ் விளக்கினார். 1968இல் பிரோடன், ஸ்னெல்மன் என்ற இருவர் எக்ஸ்ரேயைத் திரைப்படம்போல ஓடவிட்டு, குடல் இறங்குவதை நேரடியாகப் படம்பிடித்தார்கள். ஆசனவாய்க்குப் பல சென்டிமீட்டர் மேலேயே குடலின் முழுச் சுற்றளவும் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கத் தொடங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு விளக்கங்களிலும் உண்மை உண்டு. நோயாளிகளின் வயிற்றுக்குள் பார்த்தால் ஆழமான பள்ளமும் இருக்கும், சேக்ரத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய குடல் தளர்ந்து தொங்குவதும் தெரியும். அதற்கு மேலே உள்ள பெருங்குடல் வளைவு தேவைக்கு மேல் நீண்டிருக்கும், இடுப்புத் தளத் தசைகள் விலகியிருக்கும், ஆசனவாயின் சுருக்குத் தசை தளர்ந்து வாய் திறந்தே இருக்கும். கீழே விவரிக்கப்படும் ஒவ்வோர் அறுவை முறையும் இந்தக் குறைகளில் ஒன்றையோ இரண்டையோ சரிசெய்ய முயல்வதுதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால், பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் 50 வயதைக் கடந்த பெண்களின் நோய். பல பிரசவங்களே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பிள்ளை பெறாத பெண்களுக்கும் இது வருகிறது. ஆண்களிடம் வரும்போது இளவயதிலேயே வருவதைக் காணலாம். பல ஆண்டு மலச்சிக்கல், முக்கி முக்கி மலம் கழிக்கும் பழக்கம், தண்டுவட நோய்கள், மலச்சிக்கலை உண்டாக்கும் மனநல மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வது ஆகியவை பின்னணியில் இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு வரும் இறக்கம் வேறு வகை. வயிற்றுப்போக்கு, குடற்புழு, சத்துக்குறைவு, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நின்றுவிடும். அறுவை சிகிச்சை அரிதாகவே தேவைப்படும். இங்கே பேசுவது பெரியவர்களைப் பற்றி மட்டுமே.

சிக்கிக்கொண்ட குடல்: முதல் சில மணி நேரம்

வழக்கமாகக் கையால் தள்ளினால் உள்ளே போகும் குடல், ஒருநாள் போக மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசனவாயின் சுருக்குத் தசை குடலின் கழுத்தை இறுக்குகிறது. சிரைகளின் சுவர் மெல்லியது, அவற்றுக்குள் அழுத்தமும் குறைவு. ஆகவே அவைதான் முதலில் அடைபடுகின்றன. தமனிகள் வழியாக ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஆனால் வெளியேற வழியில்லை. குடல் வீங்குகிறது, வீங்க வீங்க இறுக்கம் கூடுகிறது, கூடிய இறுக்கம் வீக்கத்தை இன்னும் அதிகமாக்குகிறது. கடைசியில் தமனிகளும் அடைபட்டு, குடல் அழுகத் தொடங்கும். நிறம் மாறுவதில் இந்த வரிசையைக் கண்ணாலேயே காணலாம். ரத்த ஓட்டமுள்ள குடல் இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு இருக்கும். பிறகு கருஞ்சிவப்பு, அதன்பின் நாவற்பழ நிறம், முடிவில் கறுப்பு. துர்நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டில் செய்யக்கூடியது மிகக் குறைவு. சுத்தமான துணியை நனைத்து, குடல் காயாமல் மேலே மூடி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. வலுவாக அழுத்தித் திணிக்க முயல்வது குடலைக் கிழித்துவிடும்.

மருத்துவமனையில் முதலில் வலி நிவாரணியும் அமைதிப்படுத்தும் மருந்தும் கொடுத்து, தலைப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி படுக்கையைச் சாய்ப்பார்கள். குடல் உயிரோடுதான் இருக்கிறது, வீக்கம் மட்டுமே தடை என்றால், அதன் மேல் சாதாரணச் சர்க்கரையைத் தாராளமாகத் தூவிக் காத்திருப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு முறை. சர்க்கரை வீங்கிய திசுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும்; சிறிது நேரத்தில் குடலின் பருமன் குறைந்து, கைக்கு மென்மையாகும். பசு, ஆடுகளின் கருப்பை வெளியே தள்ளும்போது கால்நடை மருத்துவர்கள் நெடுநாளாகக் கையாண்டு வரும் உத்தி இது. மனிதர்களுக்கும் உதவுகிறது என்பதை 1991இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதழில் எழுதினார்கள். வீக்கம் வடிந்ததும், நுனியின் நடுவில் உள்ள துவாரத்தின் ஓரத்தை முதலில் உள்ளே தள்ளத் தொடங்கி, பொறுமையாகச் சீரான அழுத்தம் கொடுப்பார்கள். அப்படியும் போகாவிட்டால், முதுகில் ஊசி போட்டு அல்லது முழு மயக்கம் கொடுத்துத் தசையைத் தளர்த்தி முயல்வார்கள். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: சர்க்கரை தூவுவது குடலின் உயிர்நிலையைக் கண்டறிந்த மருத்துவர் எடுக்கும் முடிவு. அழுகிய குடலுக்கு அதைச் செய்து உள்ளே தள்ளிவிட்டால், அழுகல் வயிற்றுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

குடல் நல்லபடியாக உள்ளே போய்விட்டால் அவசரம் தீர்ந்தது, நோய் தீரவில்லை. வீக்கம் முழுதும் வடிய அவகாசம் கொடுத்து, பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, உடல்நிலையைச் சீராக்கி, பிறகு திட்டமிட்டு அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. உள்நோக்கிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிலருக்குக் குடலுக்குள் இருக்கும் ஒரு கட்டியே குடலை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கும்.

அழுகிய குடலுக்கு: கீழ்வழி அறுவை

குடல் அழுகிவிட்டாலோ, எந்த வகையிலும் உள்ளே போகாவிட்டாலோ, அந்தப் பகுதியை நீக்கியே ஆக வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தேர்வாவது அல்டெமியர் முறை. வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியாகவே மலக்குடலையும் அதற்கு மேலுள்ள குடலின் ஒரு பகுதியையும் வெட்டி எடுக்கும் முறை இது. 1889இலேயே மிக்குலிச் இவ்வகை அறுவையைச் செய்திருந்தாலும், அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த வில்லியம் அல்டெமியர் 1971இல் 106 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். வெளியே தொங்கும் குடல் உண்மையில் இரண்டு குழாய்கள்: வெளிப்புறம் தலைகீழாகத் திரும்பிய ஒன்று, அதற்குள் நேராக இறங்கும் மற்றொன்று. ஆசனவாயின் தோலும் குடலின் உட்சவ்வும் சந்திக்கும் பல்வரிசைக் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு, வெளிக்குழாயைச் சுற்றிலும் முழுத் தடிமனாக வெட்டுவார்கள். அந்தச் சிறிய விளிம்பை விட்டுவைப்பது முக்கியம். காற்றா, நீரா, மலமா என்று உணர்ந்து அறியும் திறன் அங்கேதான் இருக்கிறது. வெட்டியதும் வெளிக்குழாய் கீழ்நோக்கி விரிந்து, குடல் ஒற்றைக் குழாயாகக் கைக்கு வரும். முன்பக்கத்தில் வயிற்றுறையின் பை தெரியும். அதைத் திறந்து, உள்ளே சிறுகுடல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குடலுக்கு வரும் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி அறுத்தபடி, தளர்வு தீரும்வரை குடலைக் கீழே இழுப்பார்கள். விலகியிருக்கும் இடுப்புத் தளத் தசைகளைத் தையலால் ஒன்று சேர்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்; இது மீண்டும் இறங்குவதைக் குறைக்கவும், மலத்தை அடக்கும் திறனை மீட்கவும் உதவுகிறது. கடைசியில் நல்ல நிறமும் ரத்த ஓட்டமும் உள்ள இடத்தில் குடலை வெட்டி, அந்த முனையை ஆசனவாய் விளிம்போடு தையலாலோ ஸ்டேப்ளர் கருவியாலோ இணைப்பார்கள். வெட்டிய முனையிலிருந்து பளிச்சென்ற சிவப்பு ரத்தம் கசிய வேண்டும். கசியாவிட்டால் இன்னும் மேலே போய் வெட்டுவார்கள்.

வயிற்றில் வெட்டு இல்லாததால் வலி குறைவு. முதுகில் போடும் ஊசியே பலருக்குப் போதும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவர்களுக்கு இது பெரிய வரம். இணைப்பில் கசிவு ஏற்படுவதே இதில் முக்கியமான அபாயம். அழுகல் பரவியிருந்து, தொற்றும் இருந்து, இணைப்பு ஆறுமா என்ற ஐயம் எழுந்தால், வயிற்றின் மேல் தற்காலிகமாக மலம் வெளியேறும் வாய் ஒன்றை அமைத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து அதை மூடுவார்கள். அந்த வாயைப் பார்த்ததும் நோயாளியும் குடும்பத்தாரும் அதிர்ந்துபோவது இயல்பு. அறுவைக்கு முன்பே அதைப் பற்றி அமர்ந்து பேசும் மருத்துவர் பாதிப் பயத்தைத் தீர்த்துவிடுவார்.

மிக அரிதாக, நீண்டகால இறக்கத்தில் மெலிந்துபோன மலக்குடலின் முன்சுவர் முக்கும்போது கிழிந்து, அதன் வழியாகச் சிறுகுடலே வெளியே வந்துவிடும். அப்போது வயிற்றைத் திறந்து அவசர அறுவை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கீழ்வழி முறைகளில் இன்னொன்று, பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் எட்மோன் டெலோர்ம் 1900இல் விவரித்தது. இதில் குடலை முழுதாக வெட்டுவதில்லை. உட்சவ்வை மட்டும் உரித்தெடுத்து, மீதியுள்ள தசைச் சுவரை மடிப்பு மடிப்பாகத் தைத்துச் சுருக்குகிறார்கள். இறக்கம் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இது பொருத்தமாக இருக்கும். இணைப்புக் கசிவின் அச்சம் குறைவு, ஆனால் மீண்டும் இறங்கும் வாய்ப்பு அதிகம். அழுகிய குடலுக்கு இது உதவாது. 1891இல் தியர்ஷ் கண்டுபிடித்த முறையில் ஆசனவாயைச் சுற்றி வெள்ளிக் கம்பி கட்டி வாயைச் சுருக்கினார்கள். அது குடலை வெளியே வராமல் தடுத்ததே தவிர, உள்ளே மடங்குவதைத் தடுக்கவில்லை. இப்போது அரிதாகவே செய்யப்படுகிறது.

திட்டமிட்டுச் செய்யும்போது: மேல்வழி அறுவை

உடல் தாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு, வயிற்று வழியாகச் சென்று மலக்குடலை மேலே தூக்கிச் சேக்ரம் எலும்போடு நிலையாகப் பொருத்துவதே நீண்டகாலத்துக்கு அதிகம் நிலைக்கும் தீர்வு என்பது பெரும்பாலான அறுவை மருத்துவர்களின் கருத்து. மீண்டும் இறங்கும் வாய்ப்பு இதில் பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருப்பதாகவும், கீழ்வழி முறைகளில் அதைவிட அதிகமாக இருப்பதாகவும் பல மருத்துவமனைகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆனால் இரு வழிகளையும் சீட்டுப்போட்டுப் பிரித்து ஒப்பிட்ட பிராஸ்பர் என்ற ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தபோது, 293 நோயாளிகளிடையே முறைகளுக்கு இடையில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எல்லா முறைகளிலுமே வாழ்க்கைத் தரம் நன்றாக உயர்ந்திருந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் நோயாளிகள் சேராததால், அந்த ஆய்வு கேள்வியை முழுதாகத் தீர்த்துவைக்கவில்லை. எனவே ஒரு முறையை மட்டுமே உயர்த்திப் பேசுகிறவரிடம் காரணம் கேட்பது நியாயம்.

மேல்வழியிலும் பல வகைகள் உண்டு. 1952இல் ரிப்ஸ்டீன் மலக்குடலை முன்பக்கமாகச் சுற்றி ஒரு பட்டையால் எலும்போடு கட்டினார். குடல் இறுகி மலச்சிக்கல் வருவது அதன் குறையாக இருந்தது. 1959இல் வெல்ஸ் பின்பக்கமாக ஒரு செயற்கைப் பஞ்சை வைத்துப் பொருத்தினார். இப்படிப் பொருத்தப் பயன்படும் செயற்கை வலை எதுவுமே இல்லாமல் தையலால் மட்டும் பொருத்துவதும் உண்டு. குடலை விடுவித்துப் பொருத்தியபின் உருவாகும் தழும்பே அதை எலும்போடு ஒட்ட வைத்துவிடும். நீண்ட பெருங்குடல் வளைவும் கடுமையான மலச்சிக்கலும் உள்ளவர்களுக்கு, அந்த வளைவை வெட்டி நீக்கிவிட்டு மலக்குடலைத் தையலால் பொருத்தும் முறையை 1955இல் ஃப்ரிக்மன் விவரித்தார். குடலை வெட்டும்போது வலை வைப்பதைத் தவிர்ப்பார்கள். குடலிலிருந்து வரும் கிருமிகள் வலையில் குடியேறினால் தொற்றைத் தீர்ப்பது பெரும்பாடு.

இதில் நுட்பமான ஓர் இழுபறி இருக்கிறது. மலக்குடலின் இரு பக்கங்களிலும் அதைப் பிடித்திருக்கும் திசுக் கட்டுகளை வெட்டி முழுதாக விடுவித்தால், மீண்டும் இறங்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அந்தக் கட்டுகளின் வழியாகச் செல்லும் நரம்புகளும் அறுபடுவதால், அறுவைக்குப் பின் மலச்சிக்கல் கூடுகிறது. குடல் வெளியே வராமல் நின்றுவிட்டது, ஆனால் மலமும் வெளியே வர மறுக்கிறது என்று நோயாளி வந்து நிற்பதை எந்த மருத்துவரும் விரும்புவதில்லை.

பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த டோர் குழுவினர் 2004இல் வெளியிட்ட முறை இந்த இழுபறிக்கு ஒரு நல்ல விடையாக அமைந்தது. லேப்பராஸ்கோபி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டு, மலக்குடலின் முன்பக்கத்தை மட்டுமே பிரிக்கிறார்கள். பக்கங்களையும் பின்பக்கத்தையும் தொடுவதில்லை. முன்சுவரின் மேல் ஒரு வலைப் பட்டையைத் தைத்து, அதன் மறுமுனையைச் சேக்ரத்தின் மேல் விளிம்பில் பொருத்தி, வயிற்றுறையை இழுத்து வலையின் மேல் மூடிவிடுகிறார்கள். ஆழ்ந்த பள்ளமும் அதனோடு சேர்ந்து மூடப்படுகிறது. நரம்புகள் தப்புவதால் மலச்சிக்கல் புதிதாக வருவது குறைகிறது. பலருக்கு ஏற்கெனவே இருந்த மலச்சிக்கலும் குறைகிறது. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் மேல்பகுதியையும் அதே வலையோடு சேர்த்துத் தூக்க முடிவதால், கர்ப்பப்பை இறக்கமும் சேர்ந்துள்ளவர்களுக்கு மகப்பேறு மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில், ஒரே மயக்கத்தில் இரண்டையும் சரிசெய்துவிடலாம். இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது பின்னர் தொல்லை தருவதுண்டு. ஆகவே அறுவைக்கு முன் இடுப்புத் தளத்தை எம்ஆர்ஐ மூலம், முக்கும் நிலையிலேயே படமெடுத்துப் பார்ப்பது இத்தகையவர்களுக்கு மிகவும் பயனுள்ளது.

வலைக்கே உரிய அபாயங்களும் உண்டு. அது காலப்போக்கில் அரித்துக்கொண்டு மலக்குடலுக்குள்ளோ பிறப்புறுப்புக்குள்ளோ துருத்திக்கொண்டு வரலாம். 2,203 நோயாளிகளைத் தொகுத்து 2015இல் வந்த ஒரு பல்மைய ஆய்வில் இது சுமார் 2 சதவீதம். குறைவுதான் என்றாலும், அப்படி வந்தால் வலையை அகற்றுவது கடினமான அறுவை. அறுவைக்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரும் ரத்தப்போக்கோ துர்நாற்றமுள்ள கசிவோ தோன்றினால் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். இளம் ஆண்களிடம் இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்புக்குழியில் மலக்குடலின் பின்புறம் ஓடும் நரம்புகள் காயப்பட்டால் விந்து வெளியேறுவதிலும் விறைப்பிலும் குறை வரலாம். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் ஒருவர் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எடைபோட உரிமை உள்ளவர்.

மலத்தை அடக்க முடியாமை

இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலத்தை அடக்குவதில் குறை இருக்கிறது. குடல் ஓயாமல் ஆசனவாயைப் பிளந்துகொண்டு வெளியே வருவதால் சுருக்குத் தசை தளர்கிறது. முக்கி முக்கி அதற்குச் செல்லும் நரம்பும் இழுபட்டுப் பழுதாகிறது. இறக்கத்தைச் சரிசெய்தாலே பலருக்கு இந்தத் திறன் ஓரளவு திரும்பிவிடும், ஆனால் அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அதுவரை சுருக்குத் தசையில் தனி அறுவை எதையும் செய்யாமல், தசைப் பயிற்சியோடு காத்திருப்பதே முறை. ஆண்டுக்கணக்கில் குடல் வெளியேயே இருந்தவர்களுக்குத் தசையும் நரம்பும் மீள முடியாத அளவுக்குக் கெட்டிருக்கலாம் என்பதால், சீக்கிரம் வருவதற்கும் தள்ளிப்போடுவதற்கும் இந்த ஓர் இடத்தில் மிகப் பெரிய வித்தியாசம் உண்டு. எதுவும் பலிக்காத நிலையில், வயிற்றின் மேல் நிரந்தர வாய் அமைப்பதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. எந்நேரமும் துணி நனைந்து அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவர், பையைக் கட்டிக்கொண்டு வெளியே நடமாட முடிந்தால் அது நல்ல சிகிச்சைதான்.

மீண்டும் இறங்கினால்

ஒருமுறை அறுவை செய்த பிறகும் மீண்டும் இறங்குவதுதான் சிக்கல்களிலேயே மிகுந்த யோசனை தேவைப்படும் ஒன்று. முதலில் ஏன் மீண்டும் வந்தது என்று பார்க்க வேண்டும்: வலை எலும்பிலிருந்து விடுபட்டதா, கீழ்வழி அறுவையில் போதிய நீளம் நீக்கப்படவில்லையா, மலச்சிக்கல் தீராமல் முக்குவது தொடர்ந்ததா. அதன் பிறகு, முன்பு என்ன செய்யப்பட்டது என்பதைத் துல்லியமாக அறிய வேண்டும். காரணம், குடலின் ரத்த ஓட்டம்.

மலக்குடலுக்கு மேலிருந்து ஒரு தமனி இறங்கி வருகிறது. கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் சிறிய தமனிகள் வருகின்றன. முதல் அறுவையில் கீழ்வழியாகக் குடலை வெட்டி ஆசனவாயோடு இணைத்திருந்தால், அந்த இணைப்புக்கு மேலே உள்ள குடல் மேலிருந்து வரும் ரத்தத்தை மட்டுமே நம்பி உயிர்வாழ்கிறது. இப்போது இரண்டாம் முறை வயிற்று வழியாகப் போய், பெருங்குடல் வளைவை வெட்டி மேலே இன்னொரு இணைப்பைப் போட்டால், இரண்டு இணைப்புகளுக்கும் நடுவில் மாட்டிய குடல் துண்டுக்கு எந்தப் பக்கமிருந்தும் ரத்தம் வராமல் போய் அது அழுகிவிடலாம். இதன் மறுதலையும் ஆபத்தே: முதலில் மேல்வழியாக வளைவை வெட்டி நீக்கியவருக்கு, பின்னர் கீழ்வழியாக அல்டெமியர் அறுவை செய்தாலும் நடுத்துண்டு ரத்தமின்றிச் சிக்கக்கூடும். அதனால், முன்பு கீழ்வழியில் வெட்டப்பட்டவருக்கு மேல்வழியில் குடலை வெட்டாமல் பொருத்துவது மட்டும் செய்யலாம், அல்லது பழைய இணைப்பையும் சேர்த்து நீக்கிக் கீழ்வழியிலேயே மறுபடி வெட்டலாம். டெலோர்ம் முறை செய்தவருக்குத் தமனிகள் பெரும்பாலும் தப்பியிருப்பதால் வழிகள் அதிகம். மேல்வழியில் குடலை வெட்டாமல் பொருத்தியவருக்கு மீண்டும் மேல்வழியில் சென்று புதிதாகப் பொருத்துவது பல இடங்களில் முதல் தேர்வாக இருக்கிறது. பழைய தழும்புகளுக்கு நடுவே சிறுநீர்க் குழாயையும் நரம்புகளையும் காப்பாற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், இதில் பழகிய கை அவசியம்.

அறுவை எதுவாக இருந்தாலும் அதன் ஆயுள் பிந்தைய மாதங்களில் முக்காமல் இருப்பதைப் பொறுத்தது. இசப்கோல், மலமிளக்கி மருந்து, போதிய தண்ணீர், நார்ச்சத்துள்ள சாப்பாடு ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே தொடர வேண்டும். சுமார் ஆறு வாரம் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது. கழிப்பறையில் மணிக்கணக்கில் உட்காரும் பழக்கத்தை விட வேண்டும். அறுவைக்குப் பின் வரும் நாட்களில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த முறை செய்யப்பட்டது, குடல் எவ்வளவு நீக்கப்பட்டது, எந்தத் தமனி கட்டப்பட்டது, எந்த வலை எங்கே பொருத்தப்பட்டது என்பதெல்லாம் எழுதப்பட்ட அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் முன்னால் உட்கார நேர்ந்தால், எந்த வழியில் போகலாம், எந்த வழியில் போகக் கூடாது என்று அவர் முடிவெடுப்பது அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.